கண் மருத்துவமும் தமிழ்ப் பரிபாஷையும்

நம் நாட்டில் கற்றறிந்த வைத்தியர்களும், அவர்களிடம் சிகிச்சை பெறும் கற்றறிந்த நோயாளிகளும், பத்திரிகைகளில் சுகாதாரக் கட்டுரை எழுதுவோரும் ஏறக்குறைய ஒரே குரலில் சொல்லிவரும் அபிப்பிராயம் ஒன்று உண்டு. கண்ணைப் போன்ற நுண்ணிய உறுப்பின் பாகங்களையும் அதில் தோன்றும் வியாதிகளையும், கிரேக்க இலத்தீன் மூலங்களிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்திருக்கும் பெயர்களாலன்றி வேறு பெயர்களால் ஐயமறக் குறிக்க இயலாது என்பதும், தமிழில் அவற்றுக்குப் பெயர் தேடுவது மொழிப்பற்றைக் காட்டுமேயன்றிச் சாஸ்திரத்துக்கு ஒரு பயனும் செய்யாது என்பதும், நோயாளிக்கு மருந்து தெரிந்தால் போதும், பெயர் தெரிந்து ஆவதென்ன என்பதுமே அந்த அபிப்பிராயத்தின் சாரம். இப்படிச் சொல்பவர்கள் தமிழுக்குப் பகைவர்கள் அல்லர். அவர்களுள் பலர் தமிழ் நூல்களை விரும்பிப் படிப்பவர்கள், ஏழை எளியவர்களுக்குப் பணம் பெறாமல் அறுவை செய்து பார்வை தருபவர்கள். அவர்கள்பால் நான் கொண்ட மதிப்பு சிறிதும் குறையாமலே, இக்கொள்கை வரலாற்றுக்கும் நியாயத்துக்கும் பொருந்தாதது என்றும், அதைக் காட்டிலும் முக்கியமாக, நோயாளியின் கண்ணுக்கே தீங்கு விளைப்பது என்றும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆங்கிலப் பெயர்களின் துல்லியம் என்று பெரிதாகப் பேசப்படுவதை முதலில் எடுத்துக்கொள்வோம். கண்புரையைக் குறிக்கும் காட்டராக்ட் என்ற சொல்லைப் போல் உலகெங்கும் வழங்கும் கண்ணோய்ப் பெயர் வேறொன்று இல்லை. மூளையிலிருந்து ஒரு துர்நீர் இறங்கி வந்து, பாவைக்குப் பின்னே, லென்ஸுக்கு முன்னே தேங்கி உறைந்து பார்வையை மறைக்கிறது என்று பண்டை வைத்தியர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையின்படி அரபு வைத்தியர்கள் இந்நோயை நீர் இறக்கம் என்றார்கள். பதினோராம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கரான கான்ஸ்டன்டைன் அரபு மருத்துவ நூல்களை இலத்தீனில் பெயர்த்தபோது, அருவி என்று பொருள்படும் சொல்லை அதற்கு இட்டார். கண்ணுக்குள் அப்படி எந்த நீரும் இறங்குவதில்லை. 1705-ஆம் ஆண்டில் பிரிசோ என்ற பிரெஞ்சு வைத்தியர், இறந்துபோன ஒரு படைவீரனின் கண்ணை அறுத்துப் பார்த்து, கலங்கிப்போயிருந்தது லென்ஸே என்று கண்டு சொன்னபோது, பாரிஸ் நகரத்துப் பண்டிதர்கள் அதை எளிதில் ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஆக, நாம் துல்லியத்துக்கு இலக்கணமாகக் கொண்டாடும் அந்தப் பெயர், பொய்யென்று நிரூபிக்கப்பட்டு முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட ஒரு கருத்தைத் தன் வயிற்றில் சுமந்துகொண்டிருக்கிறது. அப்படியிருந்தும் இன்று அச்சொல்லைக் கேட்ட வைத்தியர் ஒருவரும் தவறாகப் பொருள் கொள்வதில்லை. காரணம், சொல்லுக்குள் வைத்திருக்கும் அறிவு மாறியது. சொல் அப்படியே நின்றது.

கிளாக்கோமாவின் கதை இதைவிடத் தெளிவானது. நீலமும் பசுமையும் கலந்த ஒரு நிறத்தைச் சுட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. பாவையின் நிறம் அவ்வாறு மாறித் தோன்றிய கண்களையெல்லாம் பண்டைக் கிரேக்கர் அப்பெயரால் அழைத்தார்கள். அவற்றுள் இன்று நாம் புரை என்று சொல்வதும் அடங்கியிருந்தது. நூற்றாண்டுக்கணக்காக இவ்விரண்டு நோய்களையும் பிரித்தறிய முடியாமல் ஐரோப்பிய வைத்தியம் தடுமாறியது. 1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் உயிருள்ள மனிதனின் விழித்திரையைப் பார்க்கும் கருவியை உலகுக்கு அறிவித்த பின்னரும், 1857-இல் ஃபான் கிரேஃபே, ஐரிஸ் எனப்படும் கதிராளியின் ஒரு துண்டை வெட்டியெடுப்பதால் கடும் கிளாக்கோமா தணியக்கூடும் என்று காட்டிய பின்னரும்தான், கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியாமல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு நசிவதே இந்நோயின் பெரும்பான்மையான வடிவம் என்பது நிலைபெற்றது. இந்த அறிவில் அணுவளவும் அந்தக் கிரேக்கச் சொல்லுக்குள் இல்லை. அதைப் படித்துப் பட்டம் பெற்றவர் அந்த அறிவைத் தாமே அச்சொல்லுக்குள் கொண்டுபோய் வைக்கிறார். படித்தவர் தாமே ஏற்றிவைத்த பொருளைச் சொல்லின் இயற்கைக் குணம் என்று மயங்குவதே இந்த வாதத்தின் மூலப்பிழை.

ஹெல்ம்ஹோல்ட்ஸும் கிரேஃபேயும் எந்த மொழியில் நோயாளியோடு பேசினார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. அந்தக் கருவியை நம் வைத்தியர்கள் ஆப்தால்மாஸ்கோப் என்று கிரேக்கத்தில் சொல்லுகிறார்கள். அதைச் செய்தவரோ தம் நூலின் தலைப்பிலேயே அதற்குக் கண்-ஆடி என்று பொருள்தரும் ஜெர்மன் சொல்லை இட்டார். ஜெர்மன் நாட்டுக் குடியானவன் வைத்தியசாலைக்குப் போனால், கார்னியாவைக் கொம்புத் தோல் என்றும், ரெட்டினாவை வலைத் தோல் என்றும், புரையையும் கிளாக்கோமாவையும் சாம்பல் நிறத்தாலும் பச்சை நிறத்தாலும் வேறுபடுத்தியும் தன் தாய்மொழியிலேயே வைத்தியர் சொல்லக் கேட்கிறான். நவீன கண் வைத்தியத்தைப் பெற்றெடுத்த நாட்டுக்கு இதனால் ஒரு குறைவும் வந்துவிடவில்லை. ஜப்பானியரும் இவ்வாறே செய்தார்கள். 1774-இல் சுகித்தா கென்பாக்குவும் அவர் நண்பர்களும் ஒரு டச்சு உடற்கூற்று நூலை, டச்சு மொழி அரைகுறையாகத் தெரிந்த நிலையிலேயே வருந்திப் பெயர்த்து வெளியிட்டார்கள். நரம்புக்கு அவர்கள் அன்று ஆக்கிய சொல்லையே இன்றும் ஜப்பானிய வைத்தியர்கள் எழுதுகிறார்கள். ரெட்டினாவை அவர்களும் வலைப்படலம் என்றே தம் மொழியில் சொல்லுகிறார்கள். அதனால் ஜப்பானியக் கண் வைத்தியம் உலக அரங்கில் பின்தங்கிப் போயிற்று என்று யாரும் சொல்ல முடியாது.

இனி, தமிழில் ஒரே பாகத்துக்கு மூன்று பெயரும், மூன்று பாகத்துக்கு ஒரே பெயரும் வழங்குகின்றனவே, இந்தக் குழப்பத்தில் எப்படி வைத்தியம் நடத்துவது என்று கேட்பார்கள். இந்தக் கேள்வி நியாயமானது. நான் இதை ஒதுக்கிவிட்டுப் போகவில்லை. கருவிழி என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கண்ணின் நடுவே கறுத்துத் தோன்றும் வட்டம் முழுவதையும் மக்கள் அப்பெயரால் அழைக்கிறார்கள். கண்தான விளம்பரங்களில் அது கார்னியாவைக் குறிக்கிறது. பள்ளிப் பாடங்களில் சில இடங்களில் ஐரிஸைக் குறிக்கிறது. கார்னியாவோ பளிங்குபோல் ஒளி ஊடுருவும் படலம். அதற்குப் பின்னே நிறங்கொண்டு நிற்பது ஐரிஸ். ஐரிஸின் நடுவே உள்ள துவாரம் பாவை. இம்மூன்றையும் ஒரே பெயருக்குள் அடைத்தால், இறந்தவரிடமிருந்து கருவிழியை எடுத்து வைக்கிறோம் என்று கேட்ட கிராமத்தார், கண் முழுவதையும் பெயர்த்து இன்னொருவருக்குப் பொருத்திவிடுவார்கள் என்று எண்ணுவதில் என்ன ஆச்சரியம்? முகம் விகாரமாகிவிடும் என்று அஞ்சித் தானத்துக்கு மறுக்கும் குடும்பங்கள் எத்தனையோ. இந்தியாவின் முதல் கண்வங்கி 1945-இல் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் தொடங்கியது என்பது நமக்குப் பெருமை. அந்த நகரத்தின் மொழியில் அங்கே சேமிக்கப்படும் பொருளுக்கு ஒரு நிச்சயமான பெயர் இன்னும் நிலைபெறவில்லை என்பதுதான் நாம் வருந்தத்தக்க விஷயம்.

ஆனால் இந்தக் குழப்பம் எதைக் காட்டுகிறது? தமிழுக்கு வலிமை இல்லை என்பதையா, அல்லது அதைச் சீர்செய்ய நாம் உட்காரவில்லை என்பதையா? ஐரோப்பாவில் உடற்கூற்றுச் சாஸ்திரத்தின் பெயர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஏறத்தாழ 50,000 என்னும் அளவுக்குப் பெருகி, ஒரே நரம்புக்கு நாட்டுக்கொரு பெயரும் ஆசிரியருக்கொரு பெயருமாகக் கிடந்தன. 1895-இல் பாசல் நகரில் கூடிய உடற்கூற்று ஆசிரியர்கள் அவற்றைச் சலித்து ஏறக்குறைய 5,500 பெயர்களாகக் குறைத்தார்கள். இலத்தீன் தெய்வ மொழியாதலால் அதில் குழப்பம் தானாக நீங்கிற்று என்று எவரும் சொல்லவில்லை. மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து நீக்கினார்கள். அதற்குப் பின்னும் போமன் படலம், டெசிமெட் படலம், ஷ்லெம் கால்வாய் என்று ஆசிரியர்களின் பெயரைத் தாங்கி நிற்கும் சொற்கள் வைத்தியரின் வாயிலிருந்து போகவில்லை. ஷ்லெம் என்ற பெயரை ஆயிரம் முறை உச்சரித்தாலும் அது கண்ணுக்குள் சுரக்கும் நீரை வெளியேற்றும் வடிகால் என்பது மாணவனுக்கு விளங்காது. கருவிழி என்பது கண்தானத்தின் மூலம் மக்களிடையே கார்னியா என்னும் பொருளில் பழகத் தொடங்கிவிட்டபடியால், அதை அப்பொருளுக்கே உரித்தாக்கிவிட்டு, ஐரிஸுக்குச் சிலர் வழங்கிவரும் கதிராளி என்பதை நிலைப்படுத்தி, நடுத்துவாரத்துக்குப் பழைய பாவையையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். வேறு ஏற்பாடு இதைவிட நன்றென்று வல்லுநர்கள் காட்டினால் அதை மனமார ஏற்பேன். ஏதேனும் ஒரு முடிவு வேண்டும் என்பதே என் கட்சி.

இம்முயற்சி நம்மவர்க்குப் புதிதும் அன்று. 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் அமர்ந்து, தமிழைக் கற்று, தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைப் போதித்து, 60-க்கு மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றுவித்தார். அங்காதிபாதம், மனுஷ அங்காதிபாதம், இரணவைத்தியம், கெமிஸ்தம் என்று அவரும் அவருடைய மாணவர்களும் வெளியிட்ட நூல்களின் பெயர்களைப் பார்த்தாலே அவர்கள் கைக்கொண்ட வழி புலப்படும்: தமிழில் இருந்ததைத் தமிழிலிருந்தும், வடமொழியில் பொருந்தியதை வடமொழியிலிருந்தும், இரண்டிலும் கிடைக்காததை ஆங்கிலத்திலிருந்து ஓசை திருத்தியும் எடுத்துக்கொண்டார்கள். தூய்மை பேசி வேலையை நிறுத்தவில்லை. துல்லியம் பேசியும் நிறுத்தவில்லை. லென்ஸ் என்ற சொல் இன்று மூக்குக்கண்ணாடிக் கடைவாசலில் நிற்கும் எந்தத் தமிழனுக்கும் விளங்குகிறது. அதை விலக்கிப் புதுச்சொல் ஒன்றை நாட்ட வேண்டும் என்று நான் வாதிக்கவில்லை. கிறீன் 1884-இல் தம் நாட்டில் மறைந்தார். தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்று தம் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்பது அவர் விருப்பமாக இருந்தது. அவருக்குப் பின் 1916-இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சாஸ்திர பரிபாஷைக்கென்றே ஒரு சங்கம் கண்டு, பத்திரிகையும் நடத்தினார்கள். அந்நிய நாட்டார் ஒருவர் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் செய்து காட்டியதை இயலாத காரியம் என்று நாம் சொல்வது எவ்விதத்திலும் பொருந்தாது.

கிறீனுக்கு முன்பும் தமிழ் இவ்விஷயத்தில் வாய்மூடி இருக்கவில்லை. நயனவிதி என்ற பெயரால் கண்ணோய்க்கென்றே சித்த வைத்தியத்தில் தனி நூல்கள் இருக்கின்றன. அம்மரபு கண்ணோய்களை 96 என்று வகுத்தது. வடமொழியில் சுசுருத சங்கிதை 76 என்று எண்ணிற்று. இந்தப் பழைய வகுப்புகள் இன்றைய வகுப்புகளோடு ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். அது வீண் பெருமை. கண்ணை நுணுகிப் பார்த்துப் பிரித்துப் பெயரிடும் பழக்கம் இம்மொழிக்கு அந்நியமன்று என்ற அளவே நான் சொல்வது. அந்தப் பழக்கம் ஏட்டில் மட்டுமல்ல, வீட்டிலும் இருந்தது. நாற்பது வயதில் கையிலுள்ள எழுத்து வெளுத்து மங்குவதை வெள்ளெழுத்து என்றார்கள். கார்னியாவில் புண் ஆறி வெள்ளையாகத் தழும்பு நிற்பதைக் கண்ணில் பூ விழுந்தது என்றார்கள். லென்ஸ் கலங்குவதைப் புரை என்றார்கள். இரண்டும் வெளிப்பார்வைக்கு வெண்மையே ஆயினும் பிரித்துணர்ந்தார்கள்.

இவற்றுள் மாலைக்கண் என்ற சொல்லைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெயர் தெரிந்து ஆவதென்ன என்ற கேள்விக்கு இதைவிடச் சிறந்த விடை எனக்குத் தெரியவில்லை. வைட்டமின் ஏ குறைந்த குழந்தை பகலில் ஓடியாடும். பொழுது சாய்ந்ததும் தட்டுத் தடுமாறும். சோற்றைத் தேடித் துழாவும். இதைத் தாய் ஒருத்திதான் காண்பாள். வைத்தியசாலையின் வெளிச்சத்தில் இருந்து பார்க்கும் வைத்தியருக்கு இது தெரியாது. ஆகவேதான் உலக சுகாதார நிறுவனமே, ஓர் ஊரில் இக்குறைபாடு எவ்வளவு பரவியிருக்கிறது என்று அறிவதற்கு, அந்தந்த வட்டாரத்தார் இந்நோய்க்கு வழங்கும் சொந்தப் பெயரைச் சொல்லித் தாய்மாரைக் கேட்பதை ஒரு முறையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. இரத்தப் பரிசோதனைக்கு வசதியில்லாத இடத்தில் ஒரு சொல் பரிசோதனைக் கருவியாகப் பயன்படுகிறது. இக்குறைபாடு கண்ணோடு நிற்பதும் அன்று: திருச்சி மாவட்டத்துக் கிராமங்களில், வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ கொடுக்கப்பட்ட குழந்தைகளிடையே மரணம் பாதிக்குமேல் குறைந்ததென்று 1990-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. மாலைக்கண் என்று தாய் சொல்லும்போது அவள் குழந்தையின் உயிரைப் பற்றியே சொல்லுகிறாள். நிக்டலோப்பியா என்ற கிரேக்கச் சொல்லால் அவளைக் கேட்டிருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும்?

மாலைக்கண்ணுக்குப் பெயர் இருந்ததால் விளைந்த நன்மையைக் கண்டோம். பெயர் இல்லாததால் விளையும் கேட்டையும் காண வேண்டும். 1819-இல் நிறுவப்பட்டு, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்றாக எழும்பூரில் விளங்கிவரும் அந்த அரசு மருத்துவமனையில், 1909-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அதன் தலைவராக இருந்த எலியட் என்ற ஆங்கில வைத்தியர், கருவிழியும் வெள்விழியும் கூடும் விளிம்பில் நுண்ணிய வட்டத் துவாரம் இட்டு உள்நீரை வடியவைக்கும் அறுவை முறையை வகுத்து, கிளாக்கோமாவுக்கு அது உகந்த சிகிச்சை என்று நிலைநாட்டினார். உலகம் முழுவதிலுமிருந்து வைத்தியர்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள். அந்த நோய்க்கு உரிய ஓர் அறுவையைச் சென்னை உலகுக்குக் கொடுத்தது. அந்த நோய்க்கு ஒரு பெயரைத் தன் வீதிகளில் நடப்பவர்களுக்குக் கொடுக்கவில்லை. புரை என்றால் தெரியாதவர் தமிழ்நாட்டில் இல்லை. கிளாக்கோமாவைத் தமிழில் இன்னதென்று சொல்லக்கூடியவர் நூற்றுக்கு எத்தனை பேர்?

புரையால் போன பார்வையை அறுவையால் மீட்கலாம். கிளாக்கோமாவால் போன பார்வை போனதுதான். அது பெரும்பாலும் வலியின்றி, ஓரப்பார்வையை முதலில் தின்றுகொண்டு, நடுப்பார்வையைக் கடைசிவரை விட்டுவைத்து வருகிறது; நோயாளி தன் இழப்பை உணரும்போது காலம் கடந்துவிடுகிறது. தென்னிந்தியக் கிராமங்களில் நடந்த ஆராய்ச்சிகளில், இந்நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்குக் குறையாதவர்கள் அதுவரை அதை அறியாதிருந்தார்கள். மேலும் இது குடும்பத்தில் தொடரும் தன்மையுடையது. ஒருவருக்கு வந்தால் உடன்பிறந்தாருக்கும் மக்களுக்கும் வரும் அபாயம் மற்றவர்களைக் காட்டிலும் பன்மடங்கு அதிகம். ஆகவே இந்நோயில் வைத்தியர் நோயாளியிடம் சொல்லும் சொல் அவரோடு நிற்பதற்குரியதன்று. அவர் வழியாக அண்ணனுக்கும் தங்கைக்கும் மகனுக்கும் போய்ச் சேர வேண்டியது. மருந்துச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஊர் திரும்பும் பெரியவரிடம், என்ன நோய் என்று சொன்னார்கள் என்று தங்கை கேட்டால், ஏதோ இங்கிலீஷில் சொன்னார்கள், சொட்டு மருந்து விடச் சொன்னார்கள் என்கிறார். அங்கே அந்தச் செய்தி நின்றுவிட்டது. தங்கை தன் கண்ணைக் காட்டிக்கொள்ளப் போவதில்லை. அவரும், சொட்டு மருந்து தீர்ந்ததும், கண்ணில் உறுத்தலொன்றும் இல்லையே என்று விட்டுவிடுகிறார். ஆயுள் முழுவதும் விட வேண்டிய மருந்து அது என்பதை நினைவில் நிறுத்த அவரிடம் ஒரு பெயர்கூட இல்லை. நோயாளிக்கு மருந்து தெரிந்தால் போதும் என்ற கொள்கை, மருந்தையே நிறுத்திவிடும் இடத்தில் வந்து முடிகிறது.

கண் அழுத்த நோய் என்று ஒரு பெயர் வழங்குகிறதே என்பார்கள். வழங்குகிறது; அதற்கு எதிராகச் சொல்லப்படும் ஆட்சேபங்களும் உண்மையானவை. இரத்த அழுத்தத்தோடு அதை மயங்கிக்கொண்டு, அழுத்த மாத்திரைதான் தினமும் போடுகிறேனே என்று சொல்லும் நோயாளிகள் உண்டு. அழுத்தம் இயல்பான அளவில் இருந்தும் நரம்பு நசியும் வகை ஒன்றும் உண்டு. அதற்கு இப்பெயர் முற்றும் பொருந்தாது. ஆயினும் நிறத்தின் பெயரால் வழங்கும் கிளாக்கோமாவைவிட, காரணத்தைச் சுட்டும் இப்பெயர் உண்மைக்குப் பல படி அருகில் நிற்கிறது. கண்நீர் அழுத்தம் என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் முதல் மயக்கம் பெரும்பாலும் நீங்கும். இரண்டாவதை வைத்தியர் இரண்டு வாக்கியத்தில் விளக்கலாம். பெயரில் குறை கண்டவர்கள் பெயரைத் திருத்தியிருக்க வேண்டும். அவர்கள் பெயரையே கைவிட்டது எந்த நியாயம்?

வைத்திய மாணவர்கள் ஆங்கிலப் பெயர்களைக் கற்க வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அயல்நாட்டு ஆராய்ச்சியைப் படிப்பதற்கும், பிற நாட்டாரோடு கருத்தைப் பரிமாறுவதற்கும் அவை இன்றியமையாதவை. ஜெர்மன் வைத்தியரும் ஜப்பானிய வைத்தியரும் அவற்றை அறிந்தே இருக்கிறார்கள். அவர்கள் இரண்டையும் அறிகிறார்கள், நாம் ஒன்றோடு நின்றுவிடுகிறோம் என்பதே வேறுபாடு. சகவைத்தியரிடம் பேச ஒரு மொழியும், நோயாளியிடம் பேச மௌனமும் போதும் என்று நாம் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம்.

கண் வைத்தியர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. நாளை முதல் நீங்கள் எழுதும் ஒவ்வொரு நோய்ச் சீட்டிலும், ஆங்கிலத்தில் நோயின் பெயரை எழுதிய பின், அதன் கீழே தமிழில் அந்தப் பெயரை எழுதுங்கள்; எந்தப் பெயர் என்பதில் உங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தால், கூடிப் பேசி ஒன்றை முடிவு செய்து, எல்லா மருத்துவமனைகளிலும் அதையே எழுதுங்கள். கிளாக்கோமா நோயாளியின் சீட்டில் மட்டும், உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று மேலும் ஒரு வரி சேருங்கள்.